பல் துலக்கும் அணில்

அத்தியாயம் ஐந்து

"மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன். பேனாவைக் கையில திணிச்சாலும் எழுத மாட்டேன்" என்றாள் ஜெபமலர்.

திணிப்பதற்காகவே பேனாவை நீட்டிக்கொண்டிருந்த துல்கர்னைன் அதை மூடித் தன் சட்டைப் பையில் சொருகிக்கொண்டான். "நல்லதாப் போச்சு டீச்சர். இதுல மையும் இல்ல" என்றான்.

தென்காசியில் ஒரு சைக்கிள் கடையின் மாடி அது. கீழே பஞ்சர் ஒட்டுவார்கள், மேலே முத்துவடிவு துப்பறிவாள். மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வருஷக்கணக்காக ஊரார் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்தவள். எந்தக் குரல் பொய் சொல்கிறது, எந்தக் குரல் பாதியை விழுங்குகிறது என்பதெல்லாம் அவளுக்கு அங்கேயே பழகிவிட்டது. வேலையை விட்டு வந்து 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினபோது தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. முத்துவடிவு அந்தப் போர்டைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய போர்டாக மாட்டினாள்.

துல்கர்னைன் கடையநல்லூர்க்காரன். தறியில் உட்காரச் சொன்னால் டூரிங் டாக்கீஸில் போய் உட்கார்ந்த பிள்ளை. அங்கே ஆபரேட்டருக்குக் கையாளாக இருந்து, வாயாடியே வேலையைத் தொலைத்து, இப்போது முத்துவடிவு அக்காவின் பழைய ஆஸ்டின் காருக்கு டிரைவர், துப்பறியும் நிலையத்துக்கு உதவியாளர். வேலை இரண்டு, சம்பளம் ஒன்று.

"கோபத்தைக் கொஞ்சம் ஓரமா வையுங்க டீச்சர்" என்றாள் முத்துவடிவு. "இவன் நேத்து லீவு. இவனுக்கும் சேத்து முதல்ல இருந்து சொல்லுங்க."

ஜெபமலர் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். இந்த 1957-ம் வருஷத்துச் சாரல் சீசன் வரைக்கும் அவள் பெயரை யாரும் உரக்கச் சொன்னதில்லை. இப்போது கடைத்தெருவில் அவள் தலை தெரிந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பள்ளியின் கரஸ்பாண்டென்ட், விஷயம் முடியும்வரை வரவேண்டாம் என்று எழுதியே அனுப்பிவிட்டார்.

"யுத்த காலத்துல மெட்ராஸ்ல சுந்தரபாண்டியன் ஸ்டூடியோவுல வேலை பாத்தேன்" என்று தொடங்கினாள். "ஒரு பல்பொடி விளம்பரம். அணில் ஒண்ணு பல் துலக்கும், அவ்வளவுதான் கதை. மூணு நிமிஷக் கார்ட்டூன். அந்த அணிலை வரைஞ்சது நான். படத்துல தன் பேரைப் போட்டுக்கிட்டது முதலாளி சுந்தரபாண்டியன்."

"மூணு நிமிஷத்துக்கு எத்தனை படம் டீச்சர்?"

"வினாடிக்கு இருபத்திநாலுன்னு ஓடும். நீங்களே கணக்குப் போட்டுக்கிடுங்க. ஆதியில கரும்பலகையில சாக்பீசால வரைஞ்சு, படம் பிடிச்சு, அழிச்சு, திரும்ப வரைவாங்களாம். அப்புறம் தாள்ல. ஒவ்வொரு தாள்லயும் அணிலோட சேத்து மரத்தையும் வானத்தையும் புதுசா வரையணும். அதுக்கப்புறந்தான் அமெரிக்காவுல ஒருத்தருக்கு செல்லுலாய்டு யோசனை வந்துது. கண்ணாடி மாதிரி தாள். அணிலை மட்டும் அதுல வரைஞ்சு, மரத்துப் படத்தை அடியில வச்சுட்டாப் போதும்."

"மரம் பொழச்சுது" என்றான் துல்கர்னைன்.

ஜெபமலர் சிரிக்கவில்லை. "முன்பக்கம் மையால கோடு போடணும். திருப்பி வச்சு, பின்பக்கம் வர்ணம் பூசணும். முன்னால இருந்து பாத்தா கோடு சுத்தமா நிக்கும். அப்படி வரைஞ்ச தாள் ஒண்ணு என் வீட்டுச் சுவத்துல சட்டம் போட்டுத் தொங்குச்சு. அதைத்தான் போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டு."

மீதிக் கதை இது. குற்றாலத்தில் சுந்தரபாண்டியனுக்கு ஒரு பங்களா உண்டு. இந்த சீசனுக்கு வந்தவர், அந்த அணில் படங்கள் பத்தைச் சட்டம் போட்டு மாட்டி, தன் கைவண்ணம் என்று கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார். ஜெபமலர் நேரே போய், "இது என் அணில், அசல் என் வீட்டுல இருக்கு" என்று வாசலில் நின்று கத்தினாள். உள்ளே விடாமல் தள்ளிவிட்டார்கள். மறுநாளே, பத்துப் படத்தில் ஒன்றைக் காணோம், திருடியது அந்த டீச்சர்தான் என்று புகார். போலீஸ் அவள் வீட்டுக்குப் போனால் சுவரில் அணில்.

இன்று நான்கு மணிக்குக் கண்காட்சித் திறப்பு. அதற்குள் 'எடுத்தது நான்தான், மன்னியுங்கள்' என்று எழுதிக் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்குவாராம். இல்லையென்றால் கைது. கைதானால் வேலையும் போகும், பெயரும் போகும்.

"ஒரு கேள்வி" என்றாள் முத்துவடிவு. "ஸ்டூடியோவுல இருந்த தாள் உங்க வீட்டுக்கு எப்படி வந்துது?"

ஜெபமலர் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அது என்னோடது" என்றாள்.

"சரி. ஆனா அந்தப் பதில்ல மட்டும் உங்க குரல் எறங்குது. அங்கன யாராவது இதைக் கேட்டா வாயைத் திறக்காதிய."

குற்றாலத்தில் சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. எண்ணெய் தேய்த்த உடம்புகளும் ஈரத் துண்டுகளுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு போன கூட்டத்தை ஹாரன் அடித்தே பிளந்து, ஐந்தருவி ரோட்டில் இருந்த பங்களாவுக்குக் காரைக் கொண்டுவந்து சேர்த்தான் துல்கர்னைன். ஜெபமலரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

சுந்தரபாண்டியன் பட்டு ஜிப்பாவும் கழுத்தில் மப்ளருமாக எதிர்கொண்டார். ஆள் நல்ல உயரம், குரலில் தேன். "டிடெக்டிவ்னு சொன்னாங்க. இந்த ஊர்ல அதெல்லாம்கூட இருக்கா?"

"சீசனுக்கு வாரவங்களைப் பொறுத்துத் தேவைப்படுது" என்றாள் முத்துவடிவு.

ஹாலின் ஒரு சுவர் முழுக்க கார்ட்டூன் சரித்திரம். 'கரும்பலகைக் காலம்', 'தாள் காலம்', 'செல்லுலாய்டு காலம்' என்று அட்டை அட்டையாக எழுதி ஒட்டியிருந்தது. அதற்கு அடுத்த அட்டையில் சுந்தரபாண்டியனின் போட்டோ.

"ஆதம் நபிக்கு அடுத்து நேரா இவர்தான் போல" என்று துல்கர்னைன் அக்காவின் காதில் சொன்னான்.

எதிர்ச் சுவரில் ஒன்பது அணில்கள். தேக்குச் சட்டம், கண்ணாடி, பளபளப்பு. ஒவ்வொன்றும் நம்மைப் பார்த்து உட்கார்ந்து, ஓர் உள்ளங்கையில் பல்பொடியை வைத்துக்கொண்டு மறுகை விரலால் பல் துலக்கியது. ஒவ்வொன்றும் அழகு, ஒவ்வொன்றும் சிரிப்பு. துல்கர்னைனுக்கு அடுத்தவன் செருப்பில் கால் விட்டது போல ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் பத்தாவது படத்துக்கான ஆணி மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

ஓரத்து மேஜையில் சப்-இன்ஸ்பெக்டர் சங்கரநாராயணன் காவல். அவர் முன்னால் ஜெபமலர் வீட்டில் எடுத்த சட்டம். அதில் இருந்த அணிலைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். கண் அரைகுறையாய் மூடி, ஒரு கன்னம் உப்பி, வாய் கோணி, விரல் எது வால் எது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது.

"ஒம்பது அழகுப் படம் தொங்கையில, திருட வந்தவ இதையா பாத்து எடுப்பா?" என்று கேட்டாள் முத்துவடிவு.

"வாசல் பக்கம் தொங்குனது அதுதானாம் அக்கா" என்றார் சங்கரநாராயணன். "அவசரத்துல எடுக்கவ பொண்ணு பாக்க வந்தவ மாதிரி அழகு பாத்துக்கிட்டா நிப்பா?"

நியாயமான பதில்தான். முத்துவடிவு சுந்தரபாண்டியனிடம் திரும்பினாள். "இது ஒண்ணு மட்டும் ஏன் சார் இப்படி இருக்கு?"

"அதுவா?" சுந்தரபாண்டியன் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். "கலைஞனுக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காதும்மா. அன்னைக்கு மனசு சரியில்ல."

"இந்த ஒம்பதும் படம் எடுக்கும்போது காமிரா முன்னால வச்ச அதே தாள்தானா? பிற்பாடு வரைஞ்சது எதுவும் இல்லையே?"

"அதே தாள். என் கை வரைஞ்சது. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். பம்பாயில ஒரு கம்பெனி கார்ட்டூன் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கப் போறாங்க. என்னைத் தலைமைக்குக் கேட்டிருக்காங்க. அவங்க ஆள்தான் இன்னைக்கு விருந்தாளி. அதுக்கு முன்னாடி இந்தத் திருட்டு அசிங்கம் முடியணும். அந்தப் பொண்ணைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, நான் பெரிய மனசு பண்றேன்."

"பண்ணுவிய, தெரியுது" என்று சொல்லிவிட்டு முத்துவடிவு வெளியே வந்தாள்.

காரில் சாய்ந்துகொண்டு துல்கர்னைன் உறுத்தலை நோண்டிக்கொண்டிருந்தான். எதிரே ரோட்டோரக் குழாயடியில், டூரிஸ்ட் பஸ்ஸில் இரவெல்லாம் வந்த ஒருத்தர், மதியம் ஆகிவிட்டதே என்ற வெட்கமில்லாமல் பல் துலக்கிக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்தபடியே துலக்கினார். இடது உள்ளங்கையில் பொடி, வலது ஆள்காட்டி விரல் வாயில். துல்கர்னைன் தன்னையறியாமல் தன் கைகளைத் தூக்கிப் பார்த்தான், மாற்றிப் பார்த்தான், பங்களாவைப் பார்த்தான்.

"அக்கா, அந்த அணில் பீச்சாங்கையால பல் விளக்குது."

"ஒம்பதும்" என்றாள் முத்துவடிவு.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"உள்ள நிக்கும்போதே. உனக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்தேன். அந்தக் குழாயடிக்காரர் வரலைன்னா பொழுதே போயிருக்கும்."

"இத்தனை பேர் பாத்தும் ஒருத்தருக்கும் தோணலையே."

"எப்படித் தோணும்? தெனம் காலையில கண்ணாடியப் பாத்துத்தான விளக்குதோம். கண்ணாடியில நம்ம சோத்தாங்கை அந்தப் பக்கமாத்தான் தெரியும். பழகுன கண்ணுக்குத் தப்பே சரியாப் படுது." பிறகு காருக்குள் குனிந்தாள். "டீச்சர், பல்பொடி முதலாளி உங்க அணிலப் பாத்து என்னமும் குறை சொன்னாரா?"

அன்றைக்கு முதல் தடவையாக ஜெபமலர் சிரித்தாள். "குறையா? தாளைத் தூக்கி எறிஞ்சாரு. நான் கண்ணாடி முன்னால உக்காந்து நானே பல் துலக்கி, அதைப் பாத்து வரைவேன். தலையைச் சாய்க்கது, தோளைக் குலுக்குது எல்லாமே அப்படித்தான். முதல்ல கண்ணாடியில தெரிஞ்சபடியே வரைஞ்சிட்டேன். பீச்சாங்கையால விளக்குற அணிலைக் காட்டுனா எம் பொடியை எவன் தொடுவான்னு கத்துனாரு. பூராத்தையும் திரும்ப வரைஞ்சோம். அதுக்கப்புறம் எங்க அணில் வாயில சோத்தாங்கை தவிர வேற கை போனதில்ல."

"இங்கன பீச்சாங்கை எப்படி வந்துதுன்னு நான் சொல்லுதேன்" என்றான் துல்கர்னைன். அவன் குரலில் டூரிங் டாக்கீஸ் மிடுக்கு ஏறியிருந்தது. "ரீலுக்கு ரெண்டு பக்கம் உண்டு. கடையநல்லூர்ல ஒருநாள் ஆபரேட்டர் மாத்தி மாட்டிட்டாரு. கதாநாயகி பீச்சாங்கையால சாமிக்குக் கற்பூரம் காட்டினா. தரை டிக்கெட் பூரா எந்திரிச்சு நின்னுட்டு. இந்தப் பங்களாக்காரர்கிட்ட ரீல் மட்டுந்தான் இருக்கு, தாள் கிடையாது. யாரோ ஒரு பெயிண்டர் ரீலை மாத்தி மாட்டி, செல்லுலாய்டு மேல ஒளி விழச் செஞ்சு, நல்ல நல்ல போஸாப் பாத்துக் கோடு இழுத்துருக்கான். இவருக்கு வலது இடது தெரியல."

"எடுத்ததெல்லாம் அழகு போஸ்" என்றாள் ஜெபமலர் மெதுவாக. "நடுப்படம் ஒண்ணுகூட இருக்காது. ஒரு அழகுப் போஸ்ல இருந்து இன்னொண்ணுக்குப் போகையில நடுவுல வாரது எல்லாம் கோணலாத்தான் இருக்கும். அது ஓடுனாத்தான் அழகு. என் வீட்டுல இருந்தது நடுப்படம்."

"அவர் என்ன சொன்னாரு தெரியுமா? அன்னைக்கு மனசு சரியில்லையாம்" என்றான் துல்கர்னைன்.

நான்கு மணிக்கு ஹால் ஜன்னல்களில் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டார்கள். சீசனுக்கு வந்த டாக்டர்களும் வியாபாரிகளும் குடும்பத்தோடு நாற்காலிகளை நிரப்பினார்கள். முன்வரிசையில் பம்பாய்க்காரர், அடுத்து சுந்தரபாண்டியன், அதற்கடுத்து ஜெபமலர் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் அருமைநாயகம். ப்ரொஜெக்டர் பக்கத்தில் ஆபரேட்டர் ஆவுடையப்பன். துல்கர்னைனைப் பார்த்ததும், "ஏலே, நீ இன்னும் ஜெயிலுக்குப் போகலையா?" என்று விசாரித்தார்.

"டீச்சரைக் கூட்டிட்டு வந்துருக்கேன். எல்லார் முன்னாலயும் நடந்ததைச் சொல்லுவாங்க" என்றாள் முத்துவடிவு.

சுந்தரபாண்டியன் முகம் மலர்ந்துபோனது. "படம் முடியட்டும். அதுவரைக்கும் வெராந்தாவுல நிக்கட்டும்" என்றார்.

விளக்கு அணைந்தது. திரையில் அணில் வந்து, கொட்டாவி விட்டு, தலையைச் சாய்த்து, பொடியைக் கையில் கொட்டிக்கொண்டு பல் துலக்கியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று நிமிஷம் போனது தெரியவில்லை. விளக்கு வந்ததும் ஜெபமலரை உள்ளே அழைத்தார்கள். அவள் வாசல் பக்கமாகவே நின்றாள்.

முத்துவடிவு எழுந்தாள். "பிள்ளைகளா, அணில் எந்தக் கையால பல் விளக்குச்சு?"

"சோத்தாங்கை" என்று ஹால் முழுக்கக் கேட்டது.

"சுவத்துல இருக்குற அணில்?"

நாற்காலிகள் திரும்பின. ஆட்கள் தங்கள் கைகளைத் தூக்கிப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஒரு பாட்டம் சிரிப்பும் அதற்கடுத்து முணுமுணுப்பும் எழுந்தன. "காமிரா முன்னால வச்ச அதே தாள்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கிய" என்றாள் முத்துவடிவு. "சுவத்துல தொங்கும்போது மட்டும் கை மாறிப்போச்சா?"

சுந்தரபாண்டியன் அசந்துபோகவில்லை. நிதானமாக எழுந்து சிரித்தார். "செல்லுலாய்டு கண்ணாடி மாதிரிம்மா. ரெண்டு பக்கமும் தெரியும். சட்டம் போட்டவன் திருப்பி வச்சிட்டான். சாமி படம் போடுறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? நேரா திருப்பினா வலது கை வந்துடப் போகுது."

கூட்டம் 'அட, ஆமா' என்றது. துல்கர்னைன், அக்கா இதை யோசிக்கவில்லையோ என்று பயந்தான்.

"அப்ப திருப்பிருவோம்" என்றாள் முத்துவடிவு. "எஸ்.ஐ. சார், ஒண்ணைக் கழத்துங்க."

சங்கரநாராயணன் ஓர் அணிலை இறக்கி, பின்பலகையைக் கழற்றி, தாளை உருவித் திருப்பிப் பிடித்தார். வலது கை வந்தது. ஆனால் கோட்டைக் காணோம். தடித்தடியாக வர்ணம் பூசிக் கிடந்தது. கண் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தேமல், வால் இருந்த இடத்தில் பழுப்புச் சாந்து. பிள்ளைகளில் ஒன்று 'சீ' என்றது.

"சட்டையை உள்பக்கமாப் போட்டா தையல் தெரியும்லா, அதுதான் இது" என்றாள் முத்துவடிவு. "முன்பக்கம் கோடு, பின்பக்கம் வர்ணம். இந்த அணிலோட முன்பக்கம் பீச்சாங்கைதான். இப்படித் திருப்பி வச்சு எடுத்திருந்தா, இப்ப நாம பாத்த படமும் இந்த லட்சணத்துலதான் இருந்திருக்கும். இப்ப டீச்சர் வீட்டுல எடுத்ததைக் காட்டுங்க."

அந்தக் கோணல் அணிலை அவர் தூக்கிப் பிடித்தார். முன்பக்கம் சுத்தமான கோடு. வாயில் வலது கை.

"அப்ப அது இதோட சேர்ந்த பத்தாவது இல்லையே" என்றார் சங்கரநாராயணன், பாதி தனக்கே சொல்வதுபோல. பிறகு ஜெபமலரிடம் திரும்பி, போலீஸ்காரர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார். "அப்ப இது உங்களுக்கு ஏது டீச்சர்?"

முத்துவடிவு ஜெபமலரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம். வாயைத் திறக்காமல் இருந்தால் ஜெயித்தாயிற்று.

ஜெபமலர் நடந்து ஹால் நடுவுக்கே வந்தாள். "ஸ்டூடியோவுல இருந்து எடுத்தேன்" என்றாள். "யாரையும் கேக்கல. வேலையை விட்டு வாரப்ப முந்தானைக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்தேன். யுத்த காலத்துல செல்லுலாய்டு கிடைக்காது. படம் பிடிச்சு முடிச்சதும் தாளை எல்லாம் தொட்டியில போட்டு, வரைஞ்சதைக் கழுவி, அதுலயே அடுத்த படம் வரையச் சொல்லுவாங்க. என் அணிலை என்னையே கழுவச் சொன்னாங்க. ராவும் பகலும் வரைஞ்சதை நானே தேச்சுக் கழுவினேன். ஒண்ணை மட்டும் கழுவ மனசு வரல. அழகா இருந்ததை எடுத்தா தெரிஞ்சுபோயிரும்னு கோணலா இருந்ததை எடுத்தேன். எடுத்தது எடுத்ததுதான். அதுக்காக இன்னைக்கும் நான் வருத்தப்படல."

போச்சு என்று துல்கர்னைன் தலையில் கைவைத்துக்கொண்டான். இத்தனை பாடுபட்டு இழுத்துவந்த தேரை டீச்சர் தன் கையாலேயே முட்டுச்சந்துக்குள் தள்ளிவிட்டாள்.

சுந்தரபாண்டியன் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். தேனெல்லாம் போய்விட்டிருந்தது. "கேட்டுக்குங்க, எல்லாரும் கேட்டுக்குங்க. அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. எல்லாத் தாளையும் கழுவணும்னு என்னோட உத்தரவு. நானே பக்கத்துல நின்னு ஒண்ணு விடாம எண்ணிக் கழுவ வச்சேன். அதுலயும் ஒண்ணை அமுக்கிட்டுப் போயிருக்கா பாருங்க. அன்னைக்கே திருடி. எஸ்.ஐ., எழுதிக்குங்க."

"எழுதுதேன்" என்றார் சங்கரநாராயணன். ஆனால் எழுதவில்லை. பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தார். "ஐயா, டீச்சர் அன்னைக்கே மெட்ராஸ்ல எடுத்தது இதுன்னா, போன வாரம் இந்த ஆணியில இருந்து களவு போனது எது?"

சுந்தரபாண்டியன் வாயைத் திறந்தார்.

"இன்னொண்ணும் எழுதிக்கிடுங்க" என்றாள் முத்துவடிவு. "ஒண்ணு விடாம பக்கத்துல நின்னு கழுவ வச்சதா இப்பச் சொன்னாவ. அப்ப இந்தச் சுவத்துல ஒம்பது தொங்குதே, அது எங்கிருந்து மொளச்சுது?"

சுந்தரபாண்டியன் மப்ளரைக் கழற்றினார். கூட்டத்தில் யாரும் சிரிக்கக்கூட இல்லை. பம்பாய்க்காரருக்கு யாரோ ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், அவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். துல்கர்னைன் மட்டும் தாங்கமாட்டாமல், "சார், மனசு சரியில்லையா?" என்று கேட்டான்.

"பொய்ப் புகார் குடுத்தா அதுக்கும் ஒரு செக்‌ஷன் இருக்கு ஐயா" என்றார் சங்கரநாராயணன். "ஸ்டேஷன் வரைக்கும் வரணும். டீச்சர், நீங்க போகலாம்."

அருமைநாயகம் எழுந்து தொண்டையைச் செருமினார். "ஜெபமலர் டீச்சர், நாளைக்கே பள்ளிக்கு வந்துருங்க. நடந்தது நடந்துபோச்சு."

"வாரேன் சார். வரவேண்டாம்னு எழுத்துல அனுப்புனிய. வரச் சொல்லுததையும் எழுத்துல அனுப்புங்க." சொல்லிவிட்டு ஜெபமலர் அங்கேயே நின்றாள். "ஆனா இப்ப நான் போகல. திருடி இல்லைன்னு சொல்லியாச்சு. வரைஞ்சது யாருன்னு இன்னும் யாரும் சொல்லலையே."

பம்பாய்க்காரர் அதைத்தான் ஆங்கிலத்தில் கேட்டார். சுந்தரபாண்டியன் தரையைப் பார்த்துக்கொண்டு, "என் ஸ்டூடியோவுல வரைஞ்சது. பத்துப் பேர் கை பட்டது. இவதான்னு எதை வச்சுச் சொல்றது?" என்றார்.

"படத்தைப் போடுங்க அண்ணாச்சி" என்றாள் ஜெபமலர், ஆவுடையப்பனிடம்.

"போடாதே. ரீல் என்னுது" என்றார் சுந்தரபாண்டியன்.

"ரீல் உங்களுது. மிஷின் என்னுது" என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் விளக்கை அணைத்தார்.

ஜெபமலர் திரைக்குப் பக்கத்தில் போய், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றாள். பக்கவாட்டு வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. அணில் கொட்டாவி விட்டது. ஜெபமலரும் விட்டாள். அணில் தலையைச் சாய்த்தது. அதே நொடியில் அவள் தலையும் அதே பக்கம் சாய்ந்தது. இல்லாத பொடியை இடது கையில் கொட்டினாள். வலது விரலால் துலக்கினாள். ஒரு கன்னத்தை உப்பினாள், கண்ணை அரைகுறையாக மூடினாள், வாயைக் கோணினாள். எஸ்.ஐ. மேஜையில் கிடந்த அந்தக் கோணல் படம் அப்படியே அவள் முகத்தில் வந்து போனது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அணில் தோளைக் குலுக்கினபோது அவள் தோளும் குலுங்கியது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. துல்கர்னைன் அக்காவைப் பார்த்தான். முத்துவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ரீல் ஓடி முடிந்து திரை வெளுத்தது. யாரும் விளக்கைப் போடச் சொல்லவில்லை. பம்பாய்க்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அப்புறம் எல்லாரும் எழுந்தார்கள்.

கைதட்டல் அடங்கினதும் ஆவுடையப்பன் இருட்டிலிருந்து குரல் கொடுத்தார். "டீச்சர், இன்னொரு தடவை ஓட்டட்டுமா?"

"ஓட்டுங்க" என்றாள் ஜெபமலர். முன்வரிசையில் சுந்தரபாண்டியன் எழுந்துபோன நாற்காலி காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நான் இந்தப் படத்தைத் திரையில இன்னும் பாத்ததே இல்ல."